அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

இயேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
புரட்டாதி மாதம்.

அன்பு மகன் றெஜிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். மழை இன்னும் தொடங்கவில்லை, கிணறு வற்றவில்லை, அப்பாவுக்குப் பிரஷர் மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. நீயும் அங்கே குளிருக்கு மூடிக்கொண்டு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கடைசி வீட்டு ராஜினி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை பாரிஸுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் உனக்குக் கொஞ்சம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடப் போகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வழியில்லை, ஏனென்றால் நீ எடுக்கும் நேரமெல்லாம் அப்பா பக்கத்துக் கதிரையில் இருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், நாங்கள் கதைப்பது எல்லாமே விளங்கும். அவரை அருகில் வைத்துக்கொண்டு அவருடைய குறையை நான் எப்படிச் சொல்வது. அதோடு உன் முகத்தைக் கண்டால் எனக்கு அழுகை வந்து, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இப்போது ஸ்ரனிஸ்லஸ் அண்ணன் அவரை ஓட்டோவில் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், அவர்கள் திரும்பி வருவதற்குள் முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

போன கிழமை அக்கா டக்சாயினி வவுனியாவிலிருந்து வந்து நின்றாள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் நீ அவளிடம் சொன்னதை எனக்குச் சொன்னாள். நத்தார்ப் பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை என்று எனக்குச் சொன்னாய், அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். 'நான் வாறது அப்பாவுக்கு விருப்பமில்லை அக்கா, மூஞ்சைக்கு நேரவே வேண்டாம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார், இனி நான் என்னத்துக்கு வாறது' என்று சொன்னாயாம். அதைக் கேட்டதோடு எனக்கு அடுப்பு மறந்துபோய்விட்டது, அன்று எல்லாரும் அடிப்பிடித்த குழம்புதான் சாப்பிட்டோம். றெஜி, எட்டு ஒன்பது வருடம் விசா இல்லாமல் அங்கே கிடந்து, இப்போதுதான் கார்ட் கிடைத்து, முதல் முதலாய் வரப்போகிறேன் என்று சிரித்த முகத்தோடு நீ சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையை நானும் மறக்கவில்லை. நீ கேட்ட சத்தமும் பொய் இல்லை. ஆனால் அது அப்பா உனக்குச் சொன்ன மறுமொழி இல்லை. அதை உனக்கு விளங்கப்படுத்தத்தான் இந்தக் கடதாசி.

சென்ற வருடம் விபூதிப் புதனுக்கு முந்திய கிழமை அப்பா முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நூலை எடுத்துத் தா என்று கேட்க வந்தவர் என்னவோ குழறினார், நான் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஊசி கையிலிருந்து விழுந்தது, வலக்கை தொங்கிவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாரிசவாதம் என்று உனக்குச் சொன்னோம். கையும் காலும் இழுத்துவிட்டது, கதையும் கொஞ்சம் குறைவு, போகப் போகச் சுகம் வரும் என்று சொன்னோம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்லவில்லை. நீ போன் எடுத்தாலும் அவருடைய முகத்தை ஒருக்கால் காட்டிவிட்டு, அவர் வாய் திறக்க முந்திப் போனை என் பக்கம் திருப்பிவிடுவேன். அப்போது உன்னால் வரவும் முடியாது, அங்கே தனிய இருந்து அழுதுகொண்டிருப்பாய் என்று அக்காவும் நானும் அப்படிச் செய்தோம். யுத்த நேரத்தில் தலையில் பட்ட செல் துண்டு இப்போது அசைந்துவிட்டது என்று ஊரில் சிலர் சொன்னார்கள், டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படி ஒன்றுமே இல்லை, மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, பேச்சு இருக்கிற இடமும் அங்கேதான் என்றார். உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. இப்போது பொல்லு ஊன்றிக் கிணற்றடி வரைக்கும் போவார். கதை மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால் ஒரேயடியாக ஊமை என்று நினைக்காதே. ஒரே ஒரு சொல் வருகிறது. அதுதான் 'வேண்டாம்'. அந்தச் சொல் மட்டும் நோய்க்காரன் குரலில் வராது, பழைய அப்பாவின் குரலில் கணீரென்று வரும். காலையில் என்னைக் கண்டால் வேண்டாம், பசித்தால் வேண்டாம், காகம் கருவாட்டில் இருந்தால் வேண்டாம், அக்காவைக் கண்ட சந்தோஷத்திலும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நான் சோறு போட்டுக்கொண்டு போனேன், வேண்டாம் என்றார். சரி, மனிசனுக்குப் பசியில்லை என்று சோற்றுக் கோப்பையை எடுத்தேன், அவர் இடக்கையால் மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், கரைவலை இழுப்பது போல இரண்டு பேரும் ஒரு கோப்பையை இழுத்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அவர் தன் வாயில் தானே அடித்துக்கொண்டு அழுதார். சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது இன்னொன்று, அது பிழை என்று அவருக்கே தெரிகிறது, திருத்த முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற தனுஷா மிஸ் இதற்கு அபேசியா என்று பெயர் சொன்னா. 'அம்மா, அலுமாரி நிறைய உடுப்பு அப்பிடியே கிடக்கு, திறப்புத்தான் துலைஞ்சு போச்சு எண்டு நினையுங்கோ, அவருக்குப் புத்தியில ஒரு குறையும் இல்லை' என்று சொன்னா. எப்படி இந்த ஒரு சொல் மட்டும் தப்பியது என்று கேட்டேன். சிலருக்கு அப்படி ஒன்றிரண்டு மிஞ்சும், ஏன் அந்தச் சொல் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, அவருடைய நாக்கில் அது தன்பாட்டில் வருகிற சத்தம் மாதிரித்தான், அதில் அர்த்தம் தேடாதையுங்கோ என்றா.

ஆனால் கேட்கிற ஆட்கள் அர்த்தம் தேடாமல் இருப்பார்களா. கை கால் கொஞ்சம் தேறியதும் அவரைப் பூசைக்குக் கூட்டிப் போனேன். நற்கருணை வாங்கும் நேரம் பாதர் அப்பத்தை உயர்த்திக் காட்ட, அப்பா வாயைத் திறந்துகொண்டு கோயில் முழுக்கக் கேட்கும்படி வேண்டாம் என்றார். புதுப் பாதர், அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது, கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது. அப்பா திறந்த வாயை மூடாமல், கண்ணீர் வழிய வழிய அங்கேயே நின்றார். நான் ஓடிப்போய் 'பாதர், அவருக்கு அது விருப்பந்தான், குடுங்கோ' என்றேன், பாதரும் கொடுத்தார். அதன்பிறகு கன நாள் அப்பா கோயில் பக்கமே வர மறுத்துவிட்டார். நான் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இன்னொரு புதினச் செய்தியும் எழுத வேண்டும். பின்னேரம் செபமாலை சொல்லும்போது அப்பா என்னோடு சேர்ந்து மறுமொழி சொல்கிறார். ஒரு சொல் பிசகாமல், முதலிலிருந்து கடைசிவரை. முதல் நாள் அதைக் கேட்டு நான் செபமாலையை அப்படியே போட்டுவிட்டு ராஜினி வீட்டுக்கு ஓடினேன், மடுமாதா புதுமை செய்துவிட்டா என்று சொல்ல. எல்லாரும் வந்து வளைத்து நின்றுகொண்டு தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்க, வேண்டாம் என்றார். சின்ன வயதிலிருந்து நாக்கில் ஊறின செபம், பாட்டு, எண்ணிக்கை எல்லாம் வேறு வழியால் வரும், அது கதைக்கிறதாகாது என்று தனுஷா மிஸ் பிறகு சொன்னா. விளங்குகிறது, ஆனால் மனம் கேட்கவில்லை மகன். அவ்வளவு நீளச் செபம் சொல்கிற வாய்க்கு 'சுசிலா' என்ற மூன்று எழுத்து வரவில்லையே. கடற்கரை மீன்வாடியடியில் நின்று கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல் அது. இந்த மனிசன் கொஞ்ச நேரம் வாயை மூடமாட்டாரோ என்று எத்தனை தரம் சலித்திருப்பேன். இன்று என்னை நாலு பேச்சுப் பேசினாலும் போதும் என்று இருக்கிறது. வீட்டில் இருவர் இருந்தும் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சமைக்கிறேன்.

வருகிற ஆட்களாலும் எனக்கு எரிச்சல்தான். செவிடனோடு கதைப்பது போல அவருடைய காதில் கத்துகிறார்கள். அல்லது அவர் அங்கே இல்லாத மாதிரி, 'அவருக்கு இப்ப விளங்குதோ' என்று என்னிடம் கேட்கிறார்கள். சிலர் சின்னப் பிள்ளையைக் கேட்பது போல 'நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்' என்று சோதனை வைப்பார்கள், அவர் தலையைக் குனிந்துகொள்வார். நீ அப்படிச் செய்யாதே. ஆறுதலாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கதை. கேட்டுவிட்டுக் காத்திரு. அவருக்கு நேரம் வேண்டும், நாங்கள் அந்தரப்பட்டு அவருக்காகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. நான் இப்போது தேத்தண்ணியா சோடாவா என்று வாயால் கேட்பதில்லை, இரண்டையும் தூக்கிக் காட்டுவேன், அவர் கையை நீட்டுவார். இதெல்லாம் எனக்கும் ஒரு நாளில் வந்ததில்லை, எத்தனையோ நாள் கத்திவிட்டுப் பிறகு குசினிக்குள் போய் அழுதிருக்கிறேன்.

இனித்தான் முக்கியமான விஷயம். அப்பாவுடைய அந்த நீலக்கரைத் துவாய் உனக்கு ஞாபகம் இருக்கும், கடலுக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் தோளில் கிடக்குமே. நோய் வந்த பிறகு அதை இடக்கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார், ஒரு நேரம் உதறுவார், ஒரு நேரம் தன் பக்கம் இழுப்பார். ஈ கலைக்கிறார் என்று நான் நினைத்தேன். இது நரம்புக் குறைபாடாக்கும் என்று அக்கா நினைத்தாள். வந்த ஆட்களுக்கு முன்னால் அவமானமாக இருக்கிறது என்று சில நாள் நானே அதைப் பறித்து, உடுப்புக் காயப்போடும் அசையில் போட்டுவிடுவேன். ஆடி மாதம் ஸ்ரனிஸ்லஸ் அண்ணன் நாயாற்று வாடியிலிருந்து இங்கே திரும்பி வந்தார். வள்ளத்தில் நின்று வலை வளைத்தவர் அவர், கரையில் நின்றவர் அப்பா, இரண்டு பேரும் எத்தனை வருடத் தொழில் என்று உனக்குத் தெரியும். வந்தவர் அப்பாவின் கோலத்தைக் கண்டு கிட்டப் போக மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். அப்பா துவாயை உயர்த்தி, நெஞ்சுக்கு இழுத்தார், மறுபடியும் உயர்த்தி இழுத்தார். ஸ்ரனிஸ்லஸ் அண்ணன் நேரே நடந்து வந்து அவருடைய காலடியில் இருந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, 'சுசிலா, அவன் ஈ கலைக்கேல்லை. கரைக்கு வா எண்டு வள்ளத்தைக் கூப்பிடுறான். வலக்கையால காட்டுறதை இடக்கையால காட்டுறான், அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டு, வயதுபோன மனிசன், தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்கு இது எப்படித் தெரியும் மகன். நாங்கள் பெண்டுகள் வாடியடியில் மீன் தரம் பிரிப்பதும் கருவாடு காயப்போடுவதும்தான், வலை வளைக்கும் இடத்துக்கு நாங்கள் போவதில்லை. அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் வள்ளத்துக்குக் கேட்காது, துவாயால்தான் கதை என்று அன்றுதான் அறிந்தேன். வெளிப்பக்கம் வீசினால் இன்னும் அங்கால போ, நெஞ்சுக்கு இழுத்தால் கரைக்கு வா. அன்று மத்தியானமே சோற்றை வைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் போடவோ என்று கேட்டேன், வேண்டாம் என்றார், துவாய் நெஞ்சுக்கு வந்தது, போட்டேன், சாப்பிட்டார். பிறகு ஒருக்கால் கேட்டேன், வேண்டாம் என்றார், துவாய் வெளியே போனது, அது உண்மையான வேண்டாம். எத்தனை மாதமாக அந்த மனிசன் என்னோடு கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், நான் அதைப் பறித்து அசையில் போட்டிருக்கிறேன். தனுஷா மிஸ்ஸிடம் சொன்னேன், அவாவுக்கும் பெரிய சந்தோஷம், துவாயை ஒரு நாளும் எடுக்காதையுங்கோ என்றா. இப்போது பூசைக்கும் வருகிறார். பாதர் துவாயைப் பார்த்துவிட்டு நற்கருணை கொடுக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வீடியோவில் அழைத்தது ஸ்ரனிஸ்லஸ் அண்ணன் வருவதற்கு முந்தி, ஆனி மாதத்தில். 'அப்பா, நத்தாருக்கு நான் வரட்டோ' என்று கேட்டாய். நான் போனை அவருடைய முகத்துக்குக் கிட்டப் பிடித்திருந்தேன், உனக்கு முகம் மட்டுந்தான் தெரிந்திருக்கும். வேண்டாம் என்றார். அதே நேரம் கீழே அவருடைய கை துவாயை நெஞ்சுக்கு இழுத்து இழுத்து வந்தது. துவாயின் நுனி போனில் அடிபட்டது. நான்தான் 'சும்மா இருங்கோப்பா, பிள்ளையோட கதைக்க விடுங்கோ' என்று அவருடைய கையைப் பிடித்து மடியில் அமத்தி வைத்தேன். அவர் திமிறினார், திரும்பவும் வேண்டாம் என்றார், நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நீ சரியப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் குரல் மாறியதைக் கவனித்தேன், வேலைக் களைப்பு என்று நினைத்தேன். நீ சொன்னதை அக்கா சொன்னதிலிருந்து அந்தக் கைதான் எனக்கு நினைவு, என் கைக்குள் அது எவ்வளவு பலமாக இழுத்தது என்று. அதற்குப் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் அப்பா எங்கே என்று நீ கேட்பதில்லை. அவர் பக்கத்தில் இருந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். அழைப்பு முடிந்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நீ போன அன்று வாசல் படலையடியில் அவர் கடைசியாகச் சொன்னதும் இந்தச் சொல்தான் என்று உன் மனதில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். போக வேண்டாம் என்று சொன்னார், நீ போனாய், உன்னில் பிழையில்லை, இங்கே அப்போது என்ன இருந்தது. நீ போய்ச் சேரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கு உன்னைக் காண வேண்டும் றெஜி. உன் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும், நீ முற்றத்தில் சறம் கட்டிக்கொண்டு நின்று பல் தீட்டுவதைப் பார்க்க வேண்டும். எனக்காக நீ பிறகும் வரலாம், நான் கேட்டு வாங்கிக்கொள்வேன், எனக்கு வாய் இருக்கிறது. அவரால் கேட்க முடியாது. இனிமேல் நீ எடுக்கும்போது போனை மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறேன், அவர் முழுக்கத் தெரிவார். நீ வாயைக் கேட்காதே, கையைப் பார். இளந்தாரியாய் வள்ளத்தில் நின்று அந்தக் கையைப் பார்த்துத் திரும்பினவன் நீ, உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓட்டோச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள்.

இது மறுநாள் எழுதுவது. நேற்று ஒளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடதாசியையும் உனக்குக் கட்டி வைத்த பையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதியது எனக்கே வெட்கமாகிவிட்டது. இருத்தி வைத்து எல்லாவற்றையும் மெல்ல வாசித்துக் காட்டினேன். கோப்பை இழுத்த இடத்தில் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று என்னவோ நீளமாகச் சொன்னார், நானும் நிறுத்திக் காத்திருந்தேன். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஊத்தைத் துவாயப்பா, உங்களுக்கு வேணுமெல்லே என்று நான் வெளியே எடுத்தேன். திருப்பி வைத்தார். நான் எடுக்க எடுக்க வைத்தார். தோய்த்துவிட்டாவது அனுப்புகிறேன் என்றேன், அதற்கும் விடவில்லை. அதனால் அது இருந்தபடியே, உப்பும் வியர்வையும் மணக்க, கருவாட்டுக்கு மேலே கிடக்கிறது. இன்று காலையில் என்னைக் கூப்பிட அவரிடம் ஒன்றுமில்லை, கதிரைக் கையில் தட்டுகிறார். வேறு துவாய் கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துவிட்டார்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, உன் போக்கிலும் வரவிலும் மாதா கூடவே இருப்பாவாக. செபம் சொல்லாமல் படுக்காதே, தலை துவட்டாமல் வெளியே போகாதே, கருவாட்டைக் காற்றுப்படாமல் மூடி வை. துவாயைத் தபாலில் போட்டுவிடாதே மகன், ஒருவர் கையிலும் கொடுத்துவிடவும் வேண்டாம். நீயே கொண்டு வந்து அவருடைய தோளில் போட வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சுசிலா,
அப்பா அந்தோனிமுத்து